கிளப் ஃபுட்: மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறக்கும்போதே பாதம் உட்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலேறி, உள்ளங்கால் எதிர்க்காலைப் பார்த்தபடி இருப்பதைக் கிளப் ஃபுட் என்கிறார்கள். வளைந்த பாதம், கோணல் பாதம் என்றும் சொல்வதுண்டு. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களும் வளைந்திருக்கும்.

கைக்குழந்தைக்கு மாவுக்கட்டு போடும் கட்டம் வரை வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். அந்தக் கால் பதினைந்து வயதில் எப்படி இருக்கும், நாற்பதில் எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. என் இடது பாதம் இந்த ரகம். 1980களின் வழக்கப்படி அறுவை சிகிச்சை கண்ட பாதம். பெற்றோர்களும், என்னைப் போல வளர்ந்துவிட்டவர்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த எலும்பு மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பாதம் நேராகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி மற்றக் குழந்தைகளின் பாதம் போலவே இருக்குமா?

நடையில் கிட்டத்தட்ட வித்தியாசம் தெரியாது. அளந்து பார்த்தால் தெரியும். கோளாறு பாதத்தோடு நிற்பதில்லை; முழங்காலுக்குக் கீழே தசை, தசைநாண், எலும்பு எல்லாமே சற்றுச் சிறுத்துத்தான் உருவாகியிருக்கும். ஆகவே கெண்டைக்கால் மெலிந்திருக்கும். ஒரு காலில் மட்டும் பாதிப்பு என்றால் அந்தப் பாதம் மற்றதைவிடச் செருப்புக் கணக்கில் ஓர் அளவோ ஒன்றரை அளவோ குட்டையாக இருக்கலாம். சிலருக்குக் கால் நீளத்திலும் சிறு வித்தியாசம் உண்டு. கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது கொஞ்சம் குறைந்திருக்கும்.

நல்லெண்ணெய் போட்டு நாள்தோறும் உருவினால் கெண்டைக்காலில் சதை பிடிக்கும் என்று சொல்லாத உறவினரை நான் பார்த்ததில்லை. உருவுங்கள், குழந்தைக்குச் சுகமாக இருக்கும். சதை பிடிக்காது. வளர்ந்த பிறகு செய்யும் உடற்பயிற்சியும் வலுவைக் கூட்டுமே தவிர சுற்றளவைப் பெரிதாக மாற்றாது. மெலிந்த கெண்டைக்காலைப் பார்த்து சிகிச்சை தோற்றுவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். மிகச் சிறப்பாகக் குணமான பாதத்துக்கு மேலேயும் கெண்டைக்கால் அப்படித்தான் இருக்கும்.

கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆனதா?

இல்லை. கிரகண நேரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள் என்று பழி எப்போதும் தாயின் தலையில் விழுகிறது. கிரகணத்தைக் கண்டுகொள்ளாத நாடுகளிலும் வளைந்த பாதத்தோடு குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

முழுக் காரணத்தை மருத்துவம் இன்னும் பிடித்துவிடவில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, தனித்தனிக் கருவாக உருவான இரட்டையரில் அது நூற்றுக்கு மூன்றுதான். காலின் உருவாக்கத்தை வழிநடத்தும் பிடெக்ஸ்1, டிபிஎக்ஸ்4 ஆகிய மரபணுக்களில் சில குடும்பங்களில் மாற்றம் காணப்பட்டிருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் இப்படிச் சுட்டிக்காட்ட எதுவுமே இருக்காது.

கருப்பையில் இடம் போதாமல் மடங்கிப் பிறக்கும் பாதமும் உண்டு. அதைக் கையால் மெல்ல நிமிர்த்தினாலே நேராகிவிடும். அது கிளப் ஃபுட் இல்லை. முதுகுத்தண்டுக் குறைபாடோ, பிறவியிலேயே பல மூட்டுகள் இறுகிய நிலையோ சேர்ந்திருந்தால் பாதம் இன்னும் பிடிவாதமாக இருக்கும். கீழே சொல்லப்போகும் பலன்கள் அந்தக் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தா.

பான்செட்டி முறை நல்லது என்கிறார்கள். நீண்ட காலத்துக்குத் தாங்குமா?

இக்னாசியோ பான்செட்டி 1914இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுப் படைக்கு மருத்துவம் பார்த்துவிட்டு, பிரான்ஸ், மெக்சிகோ வழியாக 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே முன்பு அறுவை சிகிச்சை செய்யப்பட்ட கிளப் ஃபுட் நோயாளிகளைத் தேடிப் பார்த்தபோது அவர்கள் பாதங்கள் விறைத்து, வலுவிழந்து, வலித்துக்கொண்டிருந்தன. கத்தி வைத்ததே இதற்குக் காரணம் என்று முடிவுகட்டினார். 1940களின் இறுதியில் வேறு வழியை உருவாக்கினார்.

பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தைக் கையால் மெதுவாகத் திருத்தி, திருத்திய நிலையில் தொடை வரை மாவுக்கட்டு போடுவார்கள். வாரம் ஒருமுறை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் திருத்தி, மறுபடியும் கட்டு. ஐந்திலிருந்து ஏழு கட்டுகளில் பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும். குதிகால் மட்டும் இறங்க மறுக்கும். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை ஒரு சிறு கீறலில் வெட்டிவிட்டு மூன்று வாரக் கடைசிக் கட்டு போடுகிறார்கள். அந்த மூன்று வாரத்தில் தசைநாண் நீண்டு, தானே சேர்ந்துகொள்ளும்.

பலன் எப்படி என்பதற்கு 1995இல் வெளியான ஆய்வு ஒன்றே போதும். இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களை முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். வலியும் செயல்பாடும் நன்று, மிக நன்று என்ற நிலையில் இருந்தவர்கள் 78 சதவீதம். பாதக் கோளாறே இல்லாமல் பிறந்தவர்களை அதே அளவுகோலால் அளந்தபோது 85 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நேரான பாதத்தோடு பிறந்தவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு நடுவயதில் ஏதோ ஒரு பாதத் தொல்லை இருக்கிறது.

இத்தனை நல்ல முறை ஏன் இவ்வளவு தாமதமாகப் பரவியது? எலும்பு மருத்துவர்கள் பலர் பல்லாண்டுகள் இதைப் பொருட்படுத்தவில்லை. 1990களின் இறுதியில் இணையத்தில் தகவல் பரிமாறிக்கொண்ட பெற்றோர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பல நாடுகளில் நிலைமை மாறியது. பான்செட்டி 2009 வரை உயிரோடிருந்து அதைப் பார்த்தார். அவர் பிறந்த ஜூன் 3ஆம் தேதிதான் இன்று உலகக் கிளப் ஃபுட் தினம்.

கட்டு போட்ட காலத்தில் தடுப்பூசி எப்படிப் போடுவது?

6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை தொடையில் போடப்படுபவை. கட்டும் தொடை வரை இருக்கும். ஒரு கால் மட்டும் என்றால் மற்றத் தொடை இருக்கிறது. இரண்டும் கட்டுக்குள் இருந்தால் கட்டு மாற்றும் நாளில் போட்டுக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே செவிலியரிடம் பேசிவையுங்கள். கட்டைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று: கட்டின் நுனியில் விரல்கள் எப்போதும் தெரிய வேண்டும். விரல்கள் உள்ளே போய் மறைந்தால் கட்டு நழுவிவிட்டது என்று பொருள். நீலம் பாய்ந்தால் இறுக்கம். இரண்டுக்கும் அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

பாதம்தான் நேராகிவிட்டதே, இன்னும் நாலைந்து வருடம் பிரேஸ் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிரேஸ் என்பது நடுவில் தண்டு வைத்து இணைத்த இரண்டு ஷூக்கள். பாதிக்கப்பட்ட பாதம் 60 முதல் 70 டிகிரி வரை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். மற்றது 30, 40 டிகிரி. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், நான்கு அல்லது ஐந்து வயது வரை. கட்டு பாதத்தைத் திருத்துகிறது; திருத்தியதைப் பிடித்துவைப்பது பிரேஸ். எந்தக் காரணத்தால் பாதம் கருப்பையில் வளைந்ததோ அந்தக் காரணம் பிறந்த பிறகும் சில ஆண்டுகள் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது. பிரேஸை ஒழுங்காகப் போடாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளைவு திரும்பிவிடுகிறது. ஒழுங்காகப் போட்டவர்களில் சிலருக்கே திரும்புகிறது. இந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டால், கட்டு போட்டவர் எவ்வளவு பெரிய மருத்துவர் என்பதெல்லாம் சிறிய விஷயம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முதல் இரண்டு மூன்று இரவு குழந்தை வீறிட்டு அழும். சித்திரை வெயில், மின்சாரமும் போய்விட்டது. “பச்சைப் பிள்ளையை இப்படி விலங்கு மாட்டி வைத்திருக்கிறாயே” என்று பாட்டி கழற்றிவிடுவார். அன்றைக்கு எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அழுதால் கழற்றிவிடுவார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். மறுநாள் இன்னும் உரக்க அழும். வளைவு திரும்பிய பல குழந்தைகளின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே பிரேஸை மாட்டக் கற்றுத்தரும் நாளில் பாட்டியையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தாய் சொல்லிக் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார்.

அழுகை இரண்டு கால்களையும் தனித்தனியே உதைக்க முடியாத எரிச்சலால் வருவது. தண்டைப் பிடித்து இரண்டு முழங்கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் சீக்கிரம் பழகும். உள்ளே பருத்தி சாக்ஸ். முதலில் நடுப்பட்டையை இறுக்குங்கள், பிறகு மற்றவை. குதிகால் உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசான சிவப்பு இருக்கலாம். கொப்புளம் வந்தால், அதுவும் குதிகாலின் பின்பக்கம் வந்தால், ஷூ தளர்வாக இருந்து பாதம் உள்ளே நழுவுகிறது என்று அர்த்தம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மேலும் தளர்த்திவிடுகிறார்கள்.

மறுபடியும் வளைகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

குதிகால் தரையைத் தொடாமல் நுனிக்காலில் நடப்பது, பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றுவது, செருப்பின் வெளி விளிம்பு மட்டும் தேய்வது. பிரேஸுக்குள் இதுவரை எளிதாக நுழைந்த பாதம் திடீரென்று நுழைய மறுப்பதும் ஓர் அடையாளம். உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் போதாது. நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள்.

வளைவு திரும்பினால் மறுபடியும் மாவுக்கட்டு, இரண்டு மூன்று முறை. இரண்டரை, மூன்று வயதுக்குப் பிறகும் நடக்கும்போது பாதம் உட்பக்கம் இழுத்தால், முன்காலில் ஓடும் ஒரு தசைநாணைப் பாதத்தின் நடுப்பகுதிக்கு இடம் மாற்றிப் பொருத்துவார்கள். இது மூட்டைத் திறக்காத அறுவை என்பதால் பிற்காலத்தில் விறைப்பை உண்டாக்குவதில்லை. இதைக் கேட்டவுடன் ‘ஆபரேஷனா?’ என்று அரண்டுபோக வேண்டாம். அடுத்துச் சொல்லப்போகும் பழைய அறுவை வேறு.

எனக்கு 1970, 80, 90களில் குழந்தையாக இருந்தபோது ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஏன் வலிக்கிறது?

அன்றைய முறையில் கணுக்காலின் பின்புறமும் உட்புறமும் திறந்து, இறுகிய தசைநார்களையும் மூட்டு உறைகளையும் வெட்டித் தளர்த்தினார்கள். குதிகாலைச் சுற்றி அரை வட்டமாகத் தழும்பு இருந்தால் அநேகமாக அதுதான். பாதம் அன்றே நேரானது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். வெட்டிய இடத்தில் உண்டான வடுத்திசு இறுகி, மூட்டின் அசைவைக் குறைத்துக்கொண்டே போகும் என்பது குழந்தை வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பலருக்கு விறைப்பும் வலியும் மூட்டுத் தேய்மானமும் இருந்தன. வெட்டு எவ்வளவு விரிவோ, எத்தனை முறையோ, அந்த அளவுக்குத் தொல்லையும் கூடியிருந்தது.

இதற்காக அன்றைய மருத்துவரைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்தது அதுதான். அதனால்தான் நாம் ஊன்றி நடக்கிறோம். ஆனால் வலியைச் சொல்லும்போதெல்லாம் “உனக்குத்தான் சின்ன வயதிலேயே சரியாகிவிட்டதே” என்று வாயடைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

வலி பெரும்பாலும் முப்பதுகளில் தலைகாட்டுகிறது. காலையில் எழுந்து முதல் சில அடிகள் மரக்கட்டை ஊன்றுவது போல இருக்கும். நின்று வேலை செய்கிறவர்களுக்கு மாலைக்குள் கணுக்கால் வீங்கும். மேடு பள்ளமான தரையில், ஆற்று மணலில், கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டு பக்கவாட்டில் வளைந்து கொடுக்காததால் தடுமாறும். கெண்டைக்கால் தள்ளும் விசை குறைவாக இருப்பதால் மற்றக் கால், முழங்கால், இடுப்பு அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. முதுகுவலிக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பாதத்தைக் காட்டாமலே இருந்திருப்பார். சிலருக்கு எதிர்ப்பிரச்சினை: அளவுக்கு மீறித் திருத்தப்பட்டுப் பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து தட்டையாகியிருக்கும். இன்னும் சிலருக்குக் கட்டைவிரல் மேல்நோக்கித் தூக்கி ஷூவில் உரசும்.

குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. பயிற்சி செய்தால் வருமா?

நம் வாழ்க்கையில் அடிக்கடி இடறும் இடம் இது; மேற்கத்திய மருத்துவ நூல்கள் இதற்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை. குத்துக்காலிட வேண்டுமானால் கணுக்கால் மேல்நோக்கி நன்றாக மடங்க வேண்டும். மடங்காவிட்டால் குதிகால் தூக்கிக்கொள்ளும், ஆள் பின்னால் சாய்வார்.

தடுப்பது இறுகிய தசைநாண் என்றால் நீட்சிப் பயிற்சியால் கொஞ்சம் முன்னேற்றம் கிடைக்கும். கணுக்கால் மூட்டில் உருண்டையாக இருக்க வேண்டிய எலும்பு தட்டையாகிவிட்டிருந்தால், எலும்போடு எலும்பு முட்டுகிறது. எவ்வளவு நீட்டினாலும் வராது, வலிதான் கூடும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே இதைக் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் பயிற்சியில் இறங்காதீர்கள். உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கை அளவு தடிமனுள்ள பலகை வைத்துப் பாருங்கள், சாயாமல் நிற்கும். வீட்டில் உட்காரும் வகைக் கழிப்பறை போட்டுக்கொள்வது சொகுசு அல்ல, தேவை. சம்மணம் போடுவது பலருக்குத் தொல்லை தருவதில்லை. பாதத்தின் வெளி ஓரத்தில் காய்ப்பு இருந்தால் மட்டும் தரை அழுத்தும், ஒரு மெத்தை விரிப்பு போதும்.

செருப்பு எப்படி வாங்குவது?

ஹவாய்ச் செருப்பு இந்தப் பாதத்துக்கு ஆகாது. சிறிய பாதத்திலிருந்து நழுவும். அதைப் பிடித்துக்கொள்ள விரல்கள் ஓயாமல் மடங்கும். குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை உள்ளது வேண்டும். அளவு வித்தியாசம் அரை அளவுக்குள் என்றால் பெரிய பாதத்துக்கு வாங்கிச் சிறிய பாதத்தின் ஷூவுக்குள் இன்சோல் வையுங்கள். ஒன்றரை அளவு வித்தியாசம் என்றால் இரண்டு ஜோடி வாங்குவதைத் தவிர வழியில்லை. பணம் வீண்தான்.

வலிக்கு என்னென்ன சிகிச்சை உண்டு?

எளியதிலிருந்து தொடங்குங்கள். எடையைக் குறைப்பது, பாதத்தின் வடிவத்துக்கேற்ற இன்சோல், முன்பகுதி மேல்நோக்கி வளைந்த அடித்தளம் கொண்ட ஷூ (கணுக்கால் செய்யாத உருளலை ஷூ செய்துவிடும்), பிசியோதெரபி, தேவைப்பட்டால் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பிரேஸ். பெரும்பாலோருக்கு இதுவே பல ஆண்டுகளுக்குப் போதும்.

அதற்கு மேல் எலும்பை வெட்டி நிலை மாற்றும் அறுவை, தேய்ந்த மூட்டுகளை நிரந்தரமாக இணைத்துவிடும் அறுவை ஆகியவை உள்ளன. இணைத்துவிட்டால் அந்த மூட்டின் வலி போகும், அசைவும் போகும். பக்கத்து மூட்டுகள் அதன் சுமையைத் தாங்கி ஆண்டுகள் போகப்போகத் தேயும். ஆகவே முப்பது வயதில் அவசரப்படாமல் ஒத்திப்போட முடிந்தவரை ஒத்திப்போடுவது நல்லது என்பது என் கட்சி. நடக்கவே முடியாத வலி என்றால் அந்தக் கணக்கு மாறும்.

சிறுவயதில் சிகிச்சையே கிடைக்காத பெரியவர்களுக்கு?

பாதத்தின் வெளி ஓரத்திலும் மேற்புறத்திலும் ஊன்றி நடப்பதால் அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும், புண்ணும் வரும். பள்ளிப் பருவத்தில் உள்ளவர்களுக்குக்கூட மாவுக்கட்டு முறையால் கணிசமான திருத்தம் கிடைக்கிறது. “வயதாகிவிட்டது” என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்களை மறுபடியும் காட்டுங்கள். முழுதாக வளர்ந்தவர்களுக்கு எலும்பு அறுவை தேவைப்படும்.

விளையாடலாமா?

தாராளமாக. நடக்கத் தொடங்குவது மட்டும் ஒன்றிரண்டு மாதம் தாமதமாகலாம். 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் பெண்கள் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்ற கிறிஸ்டி யமகுச்சி கிளப் ஃபுட்டோடு பிறந்தவர். அமெரிக்காவின் கால்பந்து வீராங்கனை மியா ஹாமும் அப்படியே.

எனக்கு இருக்கிறது. என் குழந்தைக்கும் வருமா? திருமணத்துக்கு முன் சொல்ல வேண்டுமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு. அதாவது நூற்றில் குறைந்தது தொண்ணூற்றாறு குழந்தைகளுக்கு வராது. ஐந்தாம் மாத ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் பிறந்தவுடன் எங்கே போவது என்று திட்டமிடலாம், அவ்வளவுதான் அதன் பயன். இதற்காகக் கருவைக் கலைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் சிகிச்சை முடிந்த ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ஓடுவதைப் போய்ப் பாருங்கள்.

திருமணப் பேச்சில் சொல்லிவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பது எப்போதும் பெண்ணைப் பெற்றவர்கள்தான்; இதே பாதமுள்ள ஆணின் வீட்டார் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சலுகைகள் பலவற்றுக்கும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு தேவை. நன்றாகத் திருத்தப்பட்ட ஒற்றைப் பாதத்துக்கு அந்த அளவு வருவது கடினம். இரு பாதங்களும் விறைத்திருந்தால் வரலாம். அரசு மருத்துவக் குழு அளந்து சொல்வதுதான் முடிவு. காவல்துறை, ராணுவம் போன்ற சீருடைப் பணிகளின் உடற்தகுதி விதிகள் பாதக் குறைபாட்டில் கண்டிப்பானவை. விண்ணப்பிக்கும் முன் விதியைப் படியுங்கள்.

சிகிச்சைக்கு எங்கே போவது?

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் பட்டியலில் கிளப் ஃபுட் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழுவோ, மாவட்ட மருத்துவமனையிலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையமோ வழிகாட்டும். நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் கியூர் இந்தியா அமைப்பின் துணையோடு கிளப் ஃபுட் சிறப்புப் பிரிவு வாரத்தில் குறிப்பிட்ட நாளில் இயங்குகிறது. கட்டுக்கும் பிரேஸுக்கும் அங்கே பணம் வாங்குவதில்லை. எந்த நாள் என்பதை எலும்பு சிகிச்சைப் பிரிவில் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெரியவர்களுக்கு இப்படித் தனிப் பிரிவு கிடையாது. பாதம், கணுக்கால் சிகிச்சையில் தேர்ந்த எலும்பு மருத்துவரைத் தேட வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் தழும்பைக் காட்டுங்கள், நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுக்கவைத்து எடுக்கும் படத்தில், உடல் எடை ஏறும்போது பாதம் எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெரியாது.